மலிவு ஒட்சிசன் சென்சர் வாங்கலாமா? வாங்கலாம், கறுப்பைக் கறுப்போடு கட்டாவிட்டால்

சைலன்சர் குழாயில் இருந்து பெற்றோல் கூடக் குறைய எரிகிறதா என்று பார்க்கிறதுதான் ஒட்சிசன் சென்சர். ஒரிஜினல் விலையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்குக் கிடைக்கிற யுனிவர்சல் சென்சர் ஒன்றை என் கொரோலா 121க்குப் போட்டு, ஒரு மாரி முழுக்க ஓடிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். சென்சர் நல்லது. அதோடு வருகிற காகிதம் மோசம். பெட்டிக்குள் போட்டுத் தருகிற இணைப்புத் துண்டுகளைத் தூக்கி எறியலாம். பெட்டியில் இருக்கிற பெயரை எழுதவில்லை, ஏனென்றால் அச்சொட்டாக இதே சாமான் வேறு வேறு பெயர் போட்ட பெட்டிகளில் கிடக்கிறது, நாளைக்கு நீங்கள் போகும்போது இன்னொரு பெயரில் இருக்கும். பெயரைத் தேடாமல் உள்ளே இருக்கிறதைப் பார்த்து வாங்க வேண்டிய சாமான் இது.

கார் பரந்தனில் இருந்து முல்லைத்தீவு ரோட்டில், தர்மபுரம் விசுவமடு தாண்டிப் புதுக்குடியிருப்பு வரை கிட்டத்தட்டத் தினமும் ஓடுகிறது. செக் எஞ்சின் லைட் எரிந்தது, காலையில் ஸ்ராட் பண்ணினால் பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது, லீற்றருக்குப் பன்னிரண்டு ஓடின வண்டி ஒன்பதுக்கு இறங்கியது. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த அந்தக் காலத்து ரொயோட்டாக்கள் பலதோடு, பிழைக் கோட் வாசிக்கிற மலிவு புளூரூத் அடப்டர்கள் பேசாது, என்னுடையதும் பேசவில்லை. கராஜில் இருந்த ஸ்கானரில்தான் பி0135 என்று வந்தது. குழாயில் இருக்கிற இரண்டு சென்சரில் முன் சென்சரின் ஹீற்றர், அதாவது அதைச் சூடாக்குகிற கம்பி, வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில் பலர் நேரே கடைக்கு ஓடுகிறார்கள். பொறுங்கள். பி0135 வந்தால் முதலில் பியூஸைப் பாருங்கள். அப்புறம் வயரைப் பாருங்கள். வயற்கரை வீடுகளில் அறுவடை முடிந்தால் எலி எல்லாம் கார் பொனற்றுக்குள் குடி வந்துவிடும், சென்சர் வயர் கடிபட்டுச் சென்சர் மாற்றின கதைகள் எங்கள் பக்கத்தில் கொஞ்சமில்லை. பி0171 மாதிரி பெற்றோல் குறைவு என்ற கோட் வந்திருந்தால் சென்சருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்த ஓட்டையால் உள்ளே போகிற காற்றையும் சென்சர் சேர்த்துத்தான் கணக்கெடுக்கும். என் காரில் இவை ஒன்றும் இல்லை. கராஜ் தம்பி சொக்கற்றைக் கழற்றி ஹீற்றர் இரண்டு முனைக்கும் மீற்றர் வைத்தார், ஊசி அசையவில்லை. இந்த வகை ரொயோட்டாச் சென்சர் குளிர்ந்திருக்கும்போது 11 முதல் 16 ஓம் வரை காட்ட வேண்டும். உள்ளே கம்பி அறுந்துவிட்டது, வேறு பேச்சில்லை.

இந்தச் சென்சர் செய்வது சமைக்கிறவர் உப்புப் பார்க்கிற வேலைதான். எரிந்து வெளியே வருகிற புகையில் ஒட்சிசன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து ஈ.சி.யு.வுக்கு, அதாவது எஞ்சினை நடத்துகிற கொம்பியூட்டருக்கு, சொல்கிறது. பெற்றோல் கூடினால் 0.9 வோல்ற்றுக்குப் பக்கம், குறைந்தால் 0.1 வோல்ற்றுக்குப் பக்கம், நடுக்கோடு 0.45. ஆனால் நுனி 300 பாகைக்கு மேல் சூடானால்தான் அதற்கு உணர்வு வரும். ஹீற்றர் இருக்கிறது அதற்காகத்தான். ஹீற்றர் செத்தால் சைலன்சர் தானாகச் சூடேறும் வரை ஈ.சி.யு. குத்துமதிப்பாகப் பெற்றோல் ஊற்றும், இடைக்கிடை நிறுத்தி நிறுத்தி ஓடுகிற எங்கள் ஓட்டத்துக்கு அது பெரிய நட்டம்.

எங்கள் ஊருக்கு இந்தத் தலையிடி புதுசு. பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால் புகை கக்கிக்கொண்டு போகும், கார்புரேற்றர் கணக்குக் கேட்காது. 2022இல் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறி, கியூவிலும் கிடைக்காமல் போத்தலில் வாங்கி ஊற்றினோமே, அந்தப் போத்தல்களில் எத்தனையில் மண்ணெண்ணெய் கலந்திருந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்தக் கலவையின் கரி சென்சர் நுனியில் படியும். கழற்றின பழைய சென்சரின் நுனி சுத்தக் கறுப்பு, விரலால் தேய்த்தால் சட்டிக்கரி மாதிரி ஒட்டியது. வெள்ளைத் தூள் மாதிரிப் படிந்திருந்தால் அது வேறு வியாதி, கண்ட கண்ட சிலிக்கோன் பேஸ்ற்றைப் போட்டு எஞ்சின் பூட்டினால் அப்படி வரும். அப்படியிருந்தால் காரணத்தைத் திருத்தாமல் புதுச் சென்சர் போட்டுப் பிரயோசனமில்லை.

சரி, வாங்குகிற கதைக்கு வருவோம். மூன்று வழி இருந்தது. சொக்கற்றோடு வருகிற, டென்சோ கொம்பனியின் ஒரிஜினல், கொழும்பில் ஓடர் கொடுக்க வேண்டும், விலையைக் கேட்டதும் அந்த யோசனையை விட்டேன். வாகன இறக்குமதியை 2020இல் நிறுத்தி வைத்திருந்த வருசங்களில் பழைய காரைக் கட்டி இழுக்கிறவர்கள் கூடிவிட்டார்கள், ரூபாவும் விழுந்தது, சாமான் விலை அதோடு ஏறினது இறங்கவேயில்லை. இரண்டாவது, கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் கழற்றின பழைய சென்சர். ரேடியேற்றர், கதவு, லைட் எல்லாம் அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன், சென்சர் வாங்க மாட்டேன். எவ்வளவு ஓடினது, எந்தப் பெற்றோல் குடித்தது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றாவது இந்த யுனிவர்சல்: சென்சரும் நாலு வயரும் மட்டும், சொக்கற் இல்லை, பழைய சென்சரின் சொக்கற்றை வெட்டி நாங்களே இணைக்க வேண்டும்.

வாங்கினது வவுனியாவில். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் ஒரு பொய்யைப் பாடமாக வைத்திருக்கிறார்.

"அண்ணை, நாலு வயர் எண்டா எல்லாம் ஒண்டுதான். யோசிக்காமல் கொண்டு போங்கோ."

ஒன்று இல்லை. நாலு வயரோடு வெளியில் பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கிற எயார் பியூவல் சென்சர் என்று இன்னொன்று இருக்கிறது. ரொயோட்டாவின் பிற்காலக் கார்கள் பலவற்றில் முன்னுக்கு இருப்பது அதுதான். அது வேலை செய்கிற விதமே வேறு, அதன் இடத்தில் இந்த மலிவுச் சென்சரைப் போட்டால் எவ்வளவு நல்லாக வயர் கட்டினாலும் ஓடாது. எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய சென்சரில் அல்லது பாட்ஸ் லிஸ்ரில் ரொயோட்டா இலக்கத்தைப் பாருங்கள். 89465 என்று தொடங்கினால் சாதாரண ஒட்சிசன் சென்சர், மாற்றலாம். 89467 என்று தொடங்கினால் எயார் பியூவல், கடையை விட்டு வெளியே வாருங்கள். என்னுடையது 89465. வேறு கொம்பனிக் கார் என்றால் அந்தக் காருக்குரிய விபரத்தைத் தேடி எடுங்கள், சில பழைய கார்களில் ரைற்றேனியா என்று இன்னொரு ஜாதியும் இருக்கிறது, அது வோல்ற் உண்டாக்காது, தடையை மாற்றிக் காட்டும், அதற்கும் இது பொருந்தாது.

பெட்டிக்குள் இருந்தது: சென்சர், நுனியில் பிளாஸ்ரிக் மூடி, புரியில் ஏற்கனவே பூசின செம்பு நிறக் கிறீஸ், வயரை நசுக்கி இணைக்கிற நாலு கிரிம்ப் துண்டு, சூடுபட்டால் சுருங்குகிற குழாய், ஒரு மடித்த காகிதம். புரி 18 மில்லிமீற்றர், 1.5 இடைவெளி, பெரும்பாலான கார்களுக்குப் பொதுவான அளவு. கடைக் கவுண்டரிலேயே இரண்டு வெள்ளை வயருக்கும் மீற்றர் வைத்தேன், 9 ஓம் அளவில் காட்டியது. ரொயோட்டாக் கணக்கை விடக் குறைவு, அப்படியென்றால் கொஞ்சம் கூடக் கரண்ட் இழுக்கும், ஆனால் ஈ.சி.யு. கோபிக்கிற அளவுக்கு இல்லை, இன்று வரை லைட் எரியவில்லை. அங்கேயே பக்கத்தில் கிடந்த, இதைவிட மலிவான இன்னொரு பெட்டியில் ஹீற்றர் ஒன்றுமே காட்டவில்லை. புதுசாகவே செத்தது. கடைக்காரரும் எட்டிப் பார்த்தார், பேசாமல் அதை உள்ளே வைத்தார்.

இனித்தான் விஷயமே. நிறம்.

காரில் இருந்த டென்சோச் சென்சரில் கறுப்பு இரண்டு, நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று. கறுப்பு இரண்டும் ஹீற்றர், நீலம் சிக்னல், வெள்ளை சிக்னலின் ஏர்த். புதுச் சென்சர் பொஷ் கொம்பனியின் நிற முறையில் வந்தது: வெள்ளை இரண்டு, கறுப்பு ஒன்று, சாம்பல் ஒன்று. வெள்ளை இரண்டும் ஹீற்றர், கறுப்பு சிக்னல், சாம்பல் ஏர்த். இரண்டிலும் கறுப்பும் வெள்ளையும் இருக்கிறது, இரண்டிலும் அர்த்தம் நேரெதிர். சும்மா பார்க்கிற எவருக்கும் கை தானாகக் கறுப்பைக் கறுப்போடும் வெள்ளையை வெள்ளையோடும் கொண்டுபோகும், மிச்சத்தை எப்படியோ சமாளிக்கலாம் என்று மனம் சொல்லும். அப்படிக் கட்டினால் என்ன நடக்கும்? ஹீற்றருக்கு வர வேண்டிய 12 வோல்ற், ஒரு வோல்ற்றுக்கும் குறைவாக உண்டாக்கிக்கொண்டு இருக்க வேண்டிய நுனிக்குப் போகும். மறுபக்கத்தில் ஈ.சி.யு.வின் சிக்னல் முனை புதுச் சென்சரின் ஹீற்றர் வழியாக ஏர்த்தில் போய் இருக்கும், எப்போதும் பூச்சியம். பூச்சியம் என்றால் பெற்றோல் குறைவு என்று ஈ.சி.யு. நினைக்கும், கூட்டும், இன்னும் கூட்டும், எல்லை வரைக்கும் கூட்டும். சென்சர் சாகும், பெற்றோல் குடிக்கும், கடைசியில் "மலிவுச் சாமான் சரிவராது" என்று பெயரும் வரும். மலிவுச் சென்சரைத் திட்டுகிற கதைகளில் பாதிக்கு மேல் இந்தக் கறுப்பு வெள்ளைக் கதையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

சரியான கணக்கு இதுதான். காரின் சொக்கற்றோடு இருக்கிற இரண்டு கறுப்பும் புதுசின் இரண்டு வெள்ளைக்கு, ஹீற்றருக்கு பிளஸ் மைனஸ் என்று பக்கம் இல்லை, இந்த இரண்டுக்குள் எதை எதோடும் கட்டலாம். நீலம் புதுசின் கறுப்புக்கு. வெள்ளை புதுசின் சாம்பலுக்கு. இன்னொன்று: நிறத்தைப் பழைய சென்சரின் வாலில் பாருங்கள், காரின் பக்கத்து வயரில் பார்க்காதீர்கள். சொக்கற்றுக்கு அந்தப் பக்கம் காரின் வயர்க்கட்டில் நிறம் வேறாக இருக்கும்.

காகிதத்தில் நிற அட்டவணை இருக்கிறது, ஆனால் எழுத்து எறும்பு அளவு, ஒரு வரியில் நிறங்களின் இடம் மாறி அச்சாகியிருக்கிறது. அதை நம்பி வேலை செய்ய முடியாது. என் கராஜ் கரடிப்போக்குச் சந்திப் பக்கம், பெயர்ப் பலகை கூட ஒழுங்காக இல்லாத சின்ன இடம். வயரிங் தம்பி காகிதத்தைப் பார்க்கவேயில்லை.

"நிறத்தை விடுங்கோ அண்ணை, மீற்றர் சொல்லட்டும்."

நாலு வயரையும் சோடி சோடியாக அளந்தார். குளிர்ந்த சென்சரில் ஒரேயொரு சோடிதான் சில ஓம் காட்டும், அது ஹீற்றர். மற்றச் சோடிகள் திறந்தே கிடக்கும். மிச்ச இரண்டில் சிக்னல் எது, ஏர்த் எது என்று பார்க்க சென்சரைக் குறட்டில் பிடித்து, நுனிக்குச் சின்ன காஸ் ரோச்சால் நெருப்புக் காட்டினார். கொஞ்ச நேரம் மீற்றர் சும்மா இருந்தது, நுனி சிவக்கத் தொடங்கினதும் 0.2, 0.5 என்று ஏறி 0.8ஐத் தாண்டி நின்றது. நெருப்பை எடுத்ததும் மளமளவென்று விழுந்தது. மீற்றரின் சிவப்பு முனை கறுப்பு வயரில் இருந்தது, அப்படியானால் கறுப்புத்தான் சிக்னல். மறுபடி நெருப்பைக் காட்டினார், மறுபடி ஏறியது. பூட்டுகிறதுக்கு முன்னமே சாமான் உயிரோடு இருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது, எந்த வயர் எது என்றும் தெரிந்துவிட்டது. இதற்குப் பிறகு சாம்பல் வயரையும் சென்சர் உடம்பையும் அளந்தார், தொடர்பு இல்லை, ஏர்த் தனியாக வருகிறது, காரில் இருந்ததும் அப்படித்தான்.

இணைப்பில் பிடிவாதமாக இருங்கள். ஈயம் வைத்து ஒட்டுவதுதான் உறுதி என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை, ரேடியோவுக்குச் சரி, இதற்குச் சரியில்லை. சென்சர் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது, அந்த வெளிக்காற்று பல சென்சர்களில் வயரின் உறைக்குள்ளே செம்பு இழைகளின் இடுக்கால்தான் உள்ளே போகிறது. ஈயம் உருகி அந்த இடுக்கில் ஏறினால் மூச்சு அடைபடும். சொக்கற்றுக்குள் கிறீஸ் அடைக்கக்கூடாது, கொன்ராக்ற் ஸ்பிரே அடிக்கக்கூடாது என்பதும் இதனால்தான். கிரிம்ப் அடித்து, மேலே சுருங்கு குழாய் போடுங்கள், போதும்.

பெட்டியோடு வந்த கிரிம்ப் துண்டுகள் மெல்லிய தகரம், குறட்டால் நசுக்கி இழுத்ததும் ஒன்று கழன்று கையோடு வந்தது. தம்பி தன் பெட்டியில் இருந்து தடித்த செம்புத் துண்டுகளும், உள்ளே பசை பூசின சுருங்கு குழாயும் எடுத்தார். நாலு இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் படிப்படியாக வெட்டினார், ஒன்றோடொன்று முட்டாது, கட்டும் மொத்தமாகத் தடிக்காது. வயரின் மொத்த நீளம் பழையதைப் போலவே வரும்படி அளந்துதான் வெட்டினார், நீளம் கூடினால் சைலன்சரில் தொங்கிக் கருகும், குறைந்தால் எஞ்சின் ஆடும்போது இழுபட்டு அறும். கார்த்திகை மார்கழி வெள்ளத்தில் எங்கள் கிரவல் ஒழுங்கைகளில் கார் பாதி நீந்தித்தான் போகும், இணைப்புகளைக் கீழே விடாமல் மேலே தூக்கிக் கட்டினதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பூட்டுகிறது இந்த 121இல் கொஞ்சம் கரைச்சல், சென்சர் எஞ்சினுக்குப் பின்பக்கம், கீழே படுத்துத்தான் கை விட வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, துரு இளக்குகிற எண்ணெய் அடித்து, 22 ஸ்பானரால் கழற்றினார். வயர் போகப் பிளவு விட்ட சொக்கற் ஸ்பானர் இருந்தால் இன்னும் சுகம். புதுசின் நுனியில் கிறீஸ் படவே கூடாது, புரியில் மட்டும். 40 முதல் 50 நியூற்றன் மீற்றர் இறுக்கம் போதும், காலால் மிதித்து இறுக்குகிற சாமான் இல்லை.

பிறகு கோட்டை அழித்துவிட்டு, எஞ்சின் நல்லாகச் சூடானதும் 2500 சுற்றில் பிடித்துக்கொண்டு சிக்னல் வயரைப் பார்த்தோம். 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஓடி ஓடி வர வேண்டும். ரொயோட்டாவின் பழைய கணக்கு, பத்து விநாடிக்குள் எட்டுத் தடவையாவது ஏறி இறங்க வேண்டும் என்பது. அதைத் தாராளமாகத் தாண்டியது. அப்படியே ஏ9இல் ஏறி முறிகண்டி வரை ஓடிப் பார்த்தேன், பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு திரும்பினேன், லைட் வரவில்லை. பெற்றோல் மணம் போய்விட்டது. இப்போது லீற்றருக்குப் பன்னிரண்டுக்குக் கிட்டத் திரும்ப வந்திருக்கிறது. ரெவனியு லைசன்ஸுக்கு எடுக்கிற புகைப் பரிசோதனையும் பிரச்சினையில்லாமல் போனது, போன வருசம் அதே இடத்தில் ஐடிலில் இழுபறிப்பட்டுத்தான் தந்தார்கள்.

குறை சொல்ல வேண்டுமென்றால், குளிர்ந்த காலையில் இது உணர்வுக்கு வரக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கிறது என்று நினைக்கிறேன், மற்றவர்கள் கவனிக்கப் போவதில்லை. வயரின் உறை ஒரிஜினலை விட மெல்லிசு, அதற்கு மேலே கண்ணாடிநூல் உறை ஒன்று தனியாக வாங்கிப் போட்டோம். எத்தனை வருசம் நிற்கும் என்று ஒரு மாரியை வைத்துச் சொல்ல மாட்டேன். ஒரிஜினல் வாங்கக் கையில் காசு இருக்கிறவர் சொக்கற்றோடு வருகிறதையே வாங்கட்டும், வெட்டு ஒட்டு ஒன்றும் வேண்டாம். இல்லாதவருக்கு இது தாராளம், ஆனால் கூலியில் பேரம் பேசாதீர்கள். எனக்குச் சென்சர் விலையின் மூன்றில் ஒரு பங்கு கூலிக்குப் போனது, இரண்டையும் கூட்டினாலும் ஒரிஜினலின் பாதி கூட வரவில்லை.

பின் சென்சரைத் தொடவில்லை. அது கற்றலிற்றிக் கொன்வேற்றரைக் கண்காணிக்கத்தான், பெற்றோல் அளவில் அதற்குப் பெரிய பங்கு இல்லை, அதன் ஹீற்றரும் நல்லாக இருக்கிறது. இரண்டையும் சோடியாக மாற்றச் சொல்லிக் கடையில் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்கப் போகும்போது கையில் ஒரு மீற்றர் கொண்டு போங்கள், மீற்றர் வைக்க விடாத கடையென்றால் வவுனியாவில் அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கிறது.